சாம்பிராணிப் புகையும் ஜி.ஐ. பைப்பும்

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் துருப்பிடிக்காது என்று நம்பிய கடைசி மனிதன் நானாகத்தான் இருப்பேன். நம்பியதோடு நின்றிருக்கலாம். விருத்தாசலத்தில் நான் மேலாளராக இருந்த பீங்கான் பொம்மைப் பட்டறையின் முதலாளியம்மாவிடம் அதைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றி, கிடங்குக் கூரை முழுக்கத் தீயணைப்புக் குழாயாக அதையே மாட்டவும் வைத்தேன்.

அந்தக் கிடங்கில் ஒரு பக்கம் வைக்கோலும் அட்டைப்பெட்டியும். மறுபக்கம் சூளைக்குக் காத்திருக்கும் சுடாத பொம்மைகள். தீக்கும் பயம், தண்ணீருக்கும் பயம். அதனால் அங்கே தீயணைப்புக் குழாய்களில் தண்ணீர் நிற்காது, அழுத்திய காற்றுதான் இருக்கும். தீப்பிடித்தால் காற்று வெளியேறும், வால்வு திறக்கும், தண்ணீர் பாயும். குழாயில் ஓட்டை விழுந்து, தீ இல்லாமலே காற்று இறங்கினாலும் வால்வு திறந்துவிடும். அதற்கு வித்தியாசம் தெரியாது. பிறகு அந்த ஓட்டை வழியே சொட்டினால் அந்த வருஷத்துக் கொலு பொம்மைகள் மறுபடியும் களிமண்தான்.

ஆடி மாதம், குழாயில் காற்றை நிரப்பும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓட ஆரம்பித்தது. மோட்டாரைச் சந்தேகித்தேன், மின்சாரத்தைச் சந்தேகித்தேன், ஆபரேட்டரின் குணத்தைக்கூடச் சந்தேகித்தேன். குழாயை மட்டும் இல்லை.

முதலாளியம்மா வெள்ளிக்கிழமைதோறும் கிடங்கு முழுக்கத் தானே சாம்பிராணி காட்டுவார். அந்த வெள்ளியன்று பிள்ளையார் பொம்மைகளுக்கு மேலே புகை ஏறவில்லை. திரும்பி இறங்கிச் சுழன்றது. வேலைசெய்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "புள்ளையாரு மூச்சு வுடறாரும்மா" என்றாள் ஒருத்தி. பகுத்தறிவு பேசித் திரிந்த நானும் செருப்பைக் கழற்றினேன்.

அம்மா அண்ணாந்து பார்த்தார். "புள்ளையாரு கீழ இருக்காரு, மூச்சு மேலேருந்துல்ல வருது? சார், ஏணியப் போடச் சொல்லுங்க."

குழாயில் ஊசிமுனை ஓட்டை. தண்ணீர் வரும் பாதையை அடைத்தோம். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் பலகைப் பொம்மைகளைத் தானே தூக்கி, சூளைப் பக்கம் நடந்தார். எல்லாவற்றையும் மாற்றி முடித்ததும் குழாயை அறுத்தோம். வெளியே பளபளப்பு. உள்ளே, சோதனைக்கு விட்ட தண்ணீர் வடியாமல் அடியில் தேங்கி, அந்தக் காற்றோடு சேர்ந்து துத்தநாகப் பூச்சை அங்கங்கே தின்று, இரும்பில் அம்மைத் தழும்பு போட்டிருந்தது.

ஒரு பொம்மைகூடக் கரையவில்லை. அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "டீ குடிங்க சார், மொகம் வெளிறிப் போயி இருக்குது" என்றதோடு சரி. அந்தப் பெருந்தன்மையை இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சொல்லி வந்தேன்.

அம்மா காலமான பிறகு பட்டறையை நடத்தும் அவருடைய மகளிடமும் போன மாதம் உருகி உருகிச் சொன்னேன்.

"பெருந்தன்மைலாம் இல்லீங்க சார்" என்றாள். "'அவரு பேச்சக் கேட்டது என் தப்பு, அவரத் திட்டி என்னா ஆவப்போவுது'ன்னு வூட்டுல வந்து சொன்னாங்க."