நெயில் பாலிஷ் கோடு

சாத்தூர் நாகஜோதிக்குச் சந்தேகம் கூடப்பிறந்த குணம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கண்ணயர்ந்தால்கூட நிஜமாகத்தான் தூங்குகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள். பெண் பார்க்க வந்தவர்களை அவள் விசாரித்த விசாரிப்பில் இரண்டு மாப்பிள்ளைகள் பாதிக் காபியிலேயே எழுந்து போயிருக்கிறார்கள். ஆனால் எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனி ஆபீசில் அவளுக்கு வேலை நிலைத்ததும் அந்தக் குணத்தால்தான். வைரஸ் புகுந்து ஆர்டர் பைல்களைத் தின்ற வருஷம், பழைய விண்டோஸை வழித்தெறிந்துவிட்டு டெஸ்க்டாப்பில் லினக்ஸ் ஏற்றியவள் அவள்.

அதே லினக்ஸ் இப்போது வினையாக வந்தது. ஆடி முடிந்து சீசன் சூடுபிடித்த நேரம் பார்த்து வைஃபை அறுந்து அறுந்து போனது. வர வேண்டிய ஆர்டர் வரவில்லை.

"அந்தச் சனியன எடுத்துட்டு பழசையே போடு. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகல, மாரிக்கண்ணன் மச்சான் வந்து பார்த்துக்கிடட்டும்," என்றார் முதலாளி.

மாரிக்கண்ணன் லோடு அனுப்பும் கிளார்க். அவன் மச்சானுக்கு நாகஜோதியின் நாற்காலிமேல் ஒரு வருஷமாகக் கண். மச்சான் ஒரு தடவை உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான் என்பது அவளுக்குத் தெரியும்.

கறுப்புத் திரையைத் திறந்து ஒவ்வொரு கட்டளையாகத் தட்டினாள். வைஃபை கார்டு இருக்கிறது என்றது மெஷின். டிரைவர் ஏறியிருந்தது, தடை எதுவும் இல்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ஏற்பாட்டை அணைத்தாள்; லினக்ஸின் பழைய கெர்னலுக்கும் போய்ப் பார்த்தாள். சிக்னல் மட்டும் சாகக் கிடந்தது. முதலாளியின் லேப்டாப்பில் அதே வைஃபை ஓடு ஓடென்று ஓடியது. கடைசியில் கம்ப்யூட்டர் கேபினெட்டின் பின்னால் கைவிட்டபோது, கார்டில் திருகியிருந்த ஆண்டெனா இரண்டும் தொளதொளவென்று ஆடின. இறுக்கினாள், கொஞ்சம் தேறியது. மறுநாள் காலை மறுபடியும் தொளதொள.

தானாகக் கழன்றதென்றால் அவள் நம்புவாளா? ஆண்டெனாவுக்கும் அது திருகி நிற்கும் இடத்துக்கும் சேர்த்துச் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். காலையில் பார்த்தால் கோடு இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு திசையில் நின்றது. யாரோ கைவைக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, மாரிக்கண்ணன்தான்.

"நாளைக்கு ஆளோட பேரச் சொல்றேன் மொதலாளி," என்று வியாழக்கிழமை சவால் விட்டாள்.

"சொல்லு. அன்னைக்கே அவன் சீட்டக் கிழிச்சிருறேன்," என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே வந்து லேபிள் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தாள். வந்தது மாரிக்கண்ணன் இல்லை, ஆபீஸ் கூட்டிப் பெருக்கும் பாண்டிச்செல்வி. தீயணைக்க வைத்திருந்த மணல் வாளிக்குள் கைவிட்டு ஈரத்துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். ஆண்டெனா இரண்டும் சொட்டச் சொட்ட வெளியே வந்தன. திருகு முனையெல்லாம் துரு.

"என்னக்கா செய்றீக?"

பாண்டிச்செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. "களவாங்கல தாயி. சாயங்காலம் நீங்க போனதும் களட்டி வச்சிட்டு காலையில மாட்டிருவேன்."

"யாரு செய்யச் சொன்னா, மாரிக்கண்ணனா?"

"ஒருத்தரும் சொல்லல. அந்தா தெரியுது பாருங்க, வெடித்திரி அடுக்கி வச்சிருக்கிற கிட்டங்கி. இந்தக் கொம்புதான காத்துல இருந்து கரண்ட இளுக்குது?" அவள் குரல் இறங்கியது. "ஆனைக்குட்டத்துப் பக்கம் ஒரு கம்பெனியில எங்க வீட்டாளு செத்தாரு. கூட எட்டுப் பேரு. அவரு சட்டைப்பையில போன் இருந்துச்சு, அதாலதான் வெடிச்சதுன்னு எழுதிட்டாக. தெருவே என்னையத்தான் பார்த்துச்சு. அவருக்குப் போனே கெடையாது தாயி. அப்ப வேற எதுவோ இளுத்திருக்கணும்ல?"

அதையும் சந்தேகப்படத்தான் நாகஜோதிக்கு முதலில் தோன்றியது. தோன்றிய வேகத்தில் வெட்கமாகவும் போயிற்று. எட்டுப் பேர் சாவைப் புருஷன் தலையிலிருந்து இறக்கிவைக்க இடம் தேடுகிறவளிடம் எதை விசாரிப்பது? அணைத்துவைத்த கம்ப்யூட்டர் எதையும் இழுக்காது என்று சொல்லிப் பார்த்தாள். பாண்டிச்செல்வி தலையாட்டினாள், நம்பவில்லை. நம்பாத தலையாட்டல் எப்படி இருக்கும் என்று நாகஜோதிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேபினெட்டைத் திறந்து கார்டையே பிடுங்கி எடுத்தாள்.

பத்து மணிக்கு முதலாளி கேட்டார், "பேரு என்ன?" பக்கத்தில் மாரிக்கண்ணன் பைலும் கையுமாக நின்றான்.

"யாரும் இல்ல மொதலாளி. கார்டு துருப்பிடிச்சுப் போச்சு. ஒங்க ரூம்ல இருக்கிற மோடத்துல இருந்து ஒரு வயர் இளுத்துட்டா ஒரு வம்பும் இல்ல."

"ஒரு வயர் இளுக்கணும்னு கண்டுபிடிக்க மூணு வாரமா? இதுல ஆபீஸ்ல இருக்கிறவனையெல்லாம் களவாணியாக்கிட்ட." முதலாளி மாரிக்கண்ணன் பக்கம் திரும்பினார். "ஒன் மச்சான திங்கக்கிழம வரச் சொல்லு. நீ லேபிள் செக்‌ஷனுக்குப் போயிரும்மா."

ஒரு பெயரைச் சொன்னால் நாற்காலி மிஞ்சும். ஏழு வருஷ நாற்காலி.

"சரிங்க மொதலாளி," என்றாள்.

மத்தியானமே வயர் வாங்கிவரச் செய்து, தானே ஏணியில் ஏறிச் சுவரோரமாக இழுத்துக் கட்டினாள். திங்கட்கிழமை எவன் வந்து உட்கார்ந்தாலும் அவனுக்குக் கொம்பு தேவைப்படக் கூடாது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பாண்டிச்செல்வி, வயரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை உற்றுப் பார்த்தாள்.

"இது காத்துல இருந்து எதையும் இளுக்காதுல்ல தாயி?"

"இளுக்காதுக்கா. இதுக்குள்ள போறது இதுக்குள்ளயே போயிரும்."

தினமும் எல்லாரும் போன பிறகு தனியாக பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறவள், அன்று மற்றப் பெண்களோடு ஐந்தரை மணி வேனில் ஏறிக்கொண்டாள்.