புழு இல்லாத குழாய்

வேப்பிலையின் கசப்பு வாடையும், தாளிக்காத குழம்பின் வெறும் புளி வாடையுமாகத்தான் அந்தத் தை மாதம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது. எனக்கு அம்மை போட்டிருந்தது. "ஆத்தா வீட்டுல இருக்கிறப்ப யாரும் வெளியூர் கிளம்பக் கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டதால், ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை "போர்ஷனில்" என்னோடு சேர்ந்து அடைபட்டவள் சித்தி. அம்மாவின் தங்கையான அவள் எங்கள் வீட்டில் தங்கி விலங்கியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள்.

சித்தி கடலைப் பார்த்ததேயில்லை. காலேஜில் மண்டபம் கடற்கரைக்கு டூர் போட்டிருந்தார்கள். வைகாசியில் அவளுக்குக் கல்யாணம், அதற்குப் பிறகு யார் கூட்டிப்போகப் போகிறார்கள்? சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து டூர் பஸ் கிளம்பிய காலையில் அவள் என் பாயருகே உட்கார்ந்து வேப்பங்கொத்தால் என் முதுகை வருடிக்கொண்டிருந்தாள்.

டூர் போய் வந்த அவள் தோழி உள்ளே வராமல் வாசலிலேயே நின்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். பிரித்தால், காய்ந்த வாழைப்பட்டையைச் சுருட்டிக் கிளிஞ்சல் துணுக்குகளை ஒட்டியது மாதிரி ஒரு குழாய். கடலடி மண்ணில் ஒரு புழு, தன் உடம்பில் ஊறும் பசையால் கட்டிக்கொள்ளும் வீடாம். "ஆயுசுக்கும் இதுக்குள்ளயேதான்டி இருக்கும். தலையை மட்டும் நீட்டி, கிடைச்சதைத் தின்னுட்டு உள்ள இழுத்துக்கும்" என்றாள் சித்தி. ஊதிப் பார்த்தேன், காலி. புழு எங்கே என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெளிய போயிடுச்சு" என்றாள். எனக்கு அத்தனை சந்தோஷம். நானும் சீக்கிரம் வெளியே போய்விடுவேன் என்று தோன்றியது.

அம்மை இறங்கி எனக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று, அறையில் கிடந்த வேப்பிலையோடு அந்தக் குழாயையும் அம்மா வாரிக்கொண்டுபோய்க் காவிரியில் விட்டுவிட்டாள். நான் அழுதேன். சித்தி அழவில்லை.

அந்தப் போர்ஷன் வீடு இப்போது அடுக்குமாடியாகிவிட்டது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுபவர்களும் குறைந்துவிட்டார்கள். சித்தி மட்டும் இரண்டு தெரு தள்ளி அதே ஊரில் இருக்கிறாள். கார் கொண்டுவருகிறேன், கடலுக்குப் போகலாம் வா என்று எப்போது கூப்பிட்டாலும், "நாலு மணிக்குப் பேரனோட ஸ்கூல் வேன் வந்துடும்டி" என்பாள். போன மாதம் நான் மட்டும் மண்டபம் போய், கரையில் கிடந்த அதே மாதிரிக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"புழு வெளிய போயிடுச்சு சித்தி" என்றேன்.

"இல்லடி. அதுக்கு வெளிய போய் வாழத் தெரியாது. உள்ளயே செத்திருக்கும்."

அதை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, வேன் வரும் நேரமாகிவிட்டதென்று செருப்பைத் தேடினாள்.