குதிகாலில் ஊசி

என் மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ரத்த அழுத்தம் இறங்காமல் மனைவி ஆஸ்பத்திரி மாடியில் படுத்திருந்தாள். கீழே, பச்சிளங்குழந்தைகள் பிரிவில், நான். கோயிலில் பூஜை செய்கிறவன். பிள்ளை பிறந்த தீட்டு என்பதால் பத்து நாள் சன்னிதிக்குப் போக முடியாது. போவதற்கு எனக்கு வேறு இடமும் தெரியாது.

சர்க்கரை அளவு பார்க்கச் சில மணிக்கு ஒருமுறை குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். முதல் தடவை முகம் சிவந்து வாய் திறந்தது. சத்தம் வர நேரமானது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த முறை நர்ஸ் ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"மேல்துண்ட எடுத்துட்டு உக்காருங்க சாமி. பாப்பாவ உங்க நெஞ்சு மேல வெக்கிறேன்."

"நான் புடிச்சுக்கணும், நீங்க குத்துவீங்களா? என்னால முடியாதும்மா."

"நீங்க புடிச்சாலும் குத்தணும், புடிக்கலைன்னாலும் குத்தணும். புடிச்சா அதுக்கு வலி கம்மியா இருக்கும்."

உட்கார்ந்தேன். குழந்தையை என் மார்போடு ஒட்டவைத்துத் துணியால் சுற்றிக் கட்டினார். ஒரு கை தலைக்கு, இன்னொரு கை மடங்கிய கால்களுக்கு. குத்துவதற்கு முன்பே கொஞ்ச நேரம் அப்படியே இருக்கவேண்டுமாம். முதுகு அரித்தது. கால் மரத்தது. இருமப் பயந்தேன். என்னைக் கட்டிப்போட்டவளின் எடை இரண்டு கிலோகூட இல்லை.

குத்தியதும் அழுதாள். ஆனால் நாலைந்து மூச்சுக்குள் அழுகை விக்கலாகி நின்றது.

மூன்றாம் நாள் நேரம் நெருங்கியபோது, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லி வராந்தாவுக்கு வந்துவிட்டேன். கதவு சாத்தியிருந்தும் அவள் அழுகை கேட்டது. வெளிவாசல் பத்தடி தூரம்தான். அங்கும் போக முடியவில்லை, உள்ளேயும் போக முடியவில்லை. அழுகை நிற்கவே இல்லை. கடைசியில் திரும்பிப் போனேன். நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு நான் எழுந்து போகவில்லை. ஒருமுறை ரத்தம் வராமல் மறுபடி குத்தினார்கள். என் நெஞ்சில் இருந்தும் வீறிட்டாள். அன்று என் கை அவளைப் பிடித்ததா, அடக்கியதா என்று எனக்கே தெரியவில்லை.

ஐந்தாம் நாள் மனைவியைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்தார்கள். அவள் பால் கொடுக்கும்போதே குத்தினார்கள். குழந்தை காலை ஒருமுறை உதறிவிட்டுத் தொடர்ந்து குடித்தது.

"இவ்ளோதானா?" என்றாள் மனைவி.

"இவ்ளோதான்" என்றேன்.

மறுநாள் சர்க்கரை அளவு சரியாகி, ஊசி நின்றது.