கொதிகலனின் முள் இறங்கிய கிழமை

மகள் பிள்ளை பெற்று, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்த கிழமையில்தான் கொதிகலன் முரண்டு பிடித்தது. டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்தால் ஹீற்றர்கள் எல்லாம் சில்லிட்டுக் கிடக்கும். உடுப்புத் தோய்க்கும் அறையில், கொதிகலனின் அமுக்கம் காட்டும் முள் பூச்சியத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கணவர் குழாயைத் திறந்து தண்ணீர் விடுவார். முள் ஏறும், வீடு சூடாகும். அடுத்த நாள் காலையில் திரும்பவும் அதே கதை.

“நிலத்துக்குக் கீழ எங்கயோ ஒழுகுது. தரையை உடைச்சுத்தான் பாக்கவேணும்,” என்றார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. முள் விழுந்து கிடப்பதைத்தான் இருவரும் பார்த்திருந்தோம். சூடேறும்போது அது என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை. ஒரு கதிரையை இழுத்துப்போட்டுக் கொதிகலனுக்கு முன்னால் உட்கார்ந்தேன். தண்ணீர் சூடாக ஆக முள் மேலே மேலே போய்ச் சிவப்புக் கோட்டைத் தொட்டது. உள்ளே சளசளவென்று சத்தம். சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வெளியே ஓடினேன். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சின்னக் குழாயால் வெந்நீர் வழிந்து, கீழே பனியில் குழி விழுந்திருந்தது.

“இஞ்ச வந்து பாருங்கோ. தரையை உடைக்கத் தேவையில்லை.”

பைப் வேலைக்காரருக்கு போன் எடுத்தேன். திங்கட்கிழமைக்கு முன் வரமுடியாது என்றார். நான் கண்டதைச் சொன்னதும் அவர் குரல் மாறியது. கொதிகலனுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஓர் உருண்டைத் தொட்டி இருக்கும், தண்ணீர் சூடாகி விரியும்போது அதற்குள் இருக்கும் காற்றுத்தான் இடம் கொடுக்க வேண்டும், காற்றுக் குறைந்தால் தண்ணீர் பாதுகாப்பு வால்வால் வெளியே போய்விடும் என்றார். தொட்டியின் வால்வை அமத்தும்போது தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது, காற்று வந்தால் பம்ப் அடிக்கலாம். எரிவாயுப் பக்கம் மட்டும் கைவைக்க வேண்டாம் என்று சொல்லி, எந்த அளவுக்குக் காற்று அடிக்க வேண்டும் என்பதையும் சொன்னார்.

அமத்தினேன். புஸ்ஸென்று கொஞ்சக் காற்று வந்தது, தண்ணீர் வரவில்லை. அப்போதே எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

கொதிகலனை நிறுத்தி, ஆறவிட்டு, முள் பூச்சியத்துக்கு வரும்வரை தண்ணீரை வாளியில் பிடித்தோம். தொட்டியின் வால்வு சைக்கிள் ரயரில் உள்ளதைப் போலத்தான் இருந்தது. கணவர் தன் சைக்கிள் பம்பைக் கொண்டுவந்து அடித்தார். நான் பம்பின் அமுக்கமானியைப் பார்த்து, பைப் வேலைக்காரர் சொன்ன அளவு வந்ததும் நிறுத்தச் சொன்னேன். பிறகு தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு ஹீற்றரிலும் காற்றைத் திறந்துவிட்டு, கொதிகலனைப் போட்டேன். முள் கொஞ்சம் ஏறி நடுவில் நின்றது.

“உமக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?” என்று கணவர் கேட்டார்.

“கொதிகலனுக்கு முன்னால இருந்து பாத்தனான், வேற ஒண்டுமில்லை.”

மகள் போனில் அழைத்தாள். வீடு குளிரென்றால் இன்னும் ஒரு நாள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கலாமா என்று கேட்டுப்பார்க்கிறேன் என்று டெனிஷில் சொன்னாள்.

“தேவையில்லை, நாளைக்கே வா பிள்ளை. வீடு நல்ல சூடு,” என்றேன். அடுத்த நாள் காலையில் முள் எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

காலையில் அது நடுவிலேயே அசையாமல் நின்றது. திங்கட்கிழமை வந்த பைப் வேலைக்காரர் தொட்டியைச் சோதித்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். வெந்நீர் தள்ளித் தள்ளிப் பாதுகாப்பு வால்வு இறுக்கமாக மூடாமல் எப்போதாவது ஒரு சொட்டு விட்டதால் அதை மட்டும் மாற்றினார். அவர் வேலை செய்து முடிக்கும்வரை பேரப்பிள்ளை என் தோளில் நித்திரை.