தன் கல்யாண ஓலைக்குத் தானே தடை சொன்னவள்

முக்கூடலுக்கு மேற்கே ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர்ச் சர்ச்சில், கல்யாண ஓலை வாசிக்கும் ஞாயிற்றுக்கிழமை மணப்பெண் மட்டும் வரமாட்டாள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று சபைக்கு அறிவித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்பதுதான் ஓலை. கேள்வி ஊர் முழுக்கப் போகும். கேட்கப்பட வேண்டியவள் வீட்டில் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்கு அடக்கம் என்று பெயர். நான் வைத்திருக்கும் பெயரை அச்சில் ஏற்ற முடியாது.

இந்த வழக்கத்தை உடைத்தவள் ரீபா. விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில், நூல் எவ்வளவு இழுப்புத் தாங்கும் என்று பார்க்கிற சோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். அப்பா நேசையா அதே மில்லில் ஓய்வு பெற்றவர். அம்மா இல்லை. ரீபா தொட்டிலில் கிடக்கும்போதே அவள் தன் மகன் கிங்ஸ்டனுக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டவர், நேசையாவின் அக்கா இன்பமணி. கிங்ஸ்டன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். குடிக்க மாட்டான், கடன் வாங்க மாட்டான். குறை சொல்ல ஒன்றுமில்லாதவன்.

ரீபா அவனை வேண்டாம் என்றாள்.

அந்தப் பயல் யார் என்பதுதான் வீட்டில் வந்த முதல் கேள்வி. அப்படி ஒருவரும் இல்லை என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. நம் நாட்டில் ஒரு பெண் ஒருவனை வேண்டாம் என்று சொல்வதற்கு இன்னொருவன் இருந்தாக வேண்டும். கிங்ஸ்டனோடு பேசத் தனக்கு ஒன்றுமே இல்லை, வந்து உட்கார்ந்தால் எப்போது எழுந்து போவான் என்றிருக்கிறது என்று அவள் விளக்கிப் பார்த்தாள். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று அத்தை முடித்துவிட்டார்.

நிச்சயதார்த்தத்தில் சம்மதமா என்று எங்கள் சர்ச்சின் போதகரான சேகரகுரு கேட்டார். ரீபா தலையைக் குனிந்தாள். அழுகையை அடக்கக் குனிந்த தலையைக் கூடியிருந்தவர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் பெண் வாய்திறந்து 'சரி' என்று சொன்னால்தான் சந்தேகப்படுவார்கள். அவள் நிமிர்வதற்குள் ஜெபம் முடிந்து லட்டு வந்துவிட்டது.

ஓலையை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். முதல் ஓலை அன்று காலை, மில்லுக்குப் போட்டுப்போகிற சுடிதாரிலேயே ரீபா ஆராதனைக்குக் கிளம்பினாள். ஓலை நாளில் எங்கே போகிறாய் என்று நேசையா குறுக்கே வந்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கே போவார்களோ அங்கேதான் என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்.

பெண்கள் பக்கத்தில் அவள் வந்து உட்கார்ந்ததும், கல்யாணப் பெண்ணுக்கு அவ்வளவு அவசரமா என்று கிண்டல் எழுந்தது. அறிவிப்புகள் முடிந்து ஓலை வாசிக்கப்பட்டது. நியாயமான தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் யார் பதிலுக்கும் நிற்காமல் சேகரகுரு அடுத்த தாளைத் திருப்பினார்.

"தடை இருக்குய்யா," என்று ரீபா எழுந்தாள். "எனக்குச் சம்மதமில்ல."

சபைச் செயலாளர் தேவமணி எழுந்தார். ஏற்கெனவே கல்யாணமாகியிருந்தால் தடை, ஆகாத இரத்த உறவாக இருந்தால் தடை, பொண்ணுபிள்ளையின் மனத்தாங்கல் அதில் சேராது என்று சபைக்கு விளக்கம் கொடுத்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"உக்காருளா. உங்கப்பன் மானத்த வாங்காத."

"கெட்டிக் குடுக்கப் போறது என்னயத்தான சித்தப்பா? இதவிடப் பெரிய தடை வேற என்ன இருக்கு?"

ஆண்கள் பக்கம் யாரோ சிரித்துவிட்டார்கள்.

மணந்துகொள்ளும் இருவரின் முழுமையான, சுதந்திரமான சம்மதம் இல்லாமல் திருமணம் கூடாது என்று உலக மனித உரிமைப் பிரகடனத்தின் பதினாறாம் பிரிவு 1948இலேயே சொல்லிவிட்டது. அதைச் சட்டக் கடமையாக்கிய உடன்படிக்கையில் இந்தியாவும் பின்னால் சேர்ந்தது. ஆனால் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையை ஏற்றபோது மட்டும், எந்தச் சமூகத்தின் சொந்த விவகாரத்திலும் அந்தச் சமூகத்தின் சம்மதமில்லாமல் தலையிட மாட்டோம் என்று ஒரு வாசகத்தைச் சேர்த்துக்கொண்டது. பெண்ணின் சம்மதத்தைக் காப்பாற்றச் சமூகத்தின் சம்மதம் வேண்டுமாம்! அந்தச் சமூகத்தில் ரீபாவும் ஓர் ஆள் என்பதை எந்தத் தேவமணி ஒத்துக்கொள்வார்?

சேகரகுரு கண்ணாடியைக் கழற்றினார். நிச்சயத்தன்று தான் கேள்வி கேட்டதாகவும் பதிலைக் கேட்கவில்லை என்றும் சபை முன் சொன்னார். ஓலையை மடித்துப் பைக்குள் வைத்தார். அது மறுபடி வாசிக்கப்படவில்லை.

அன்று மதியமே இன்பமணி உறவினர் அத்தனை பேரையும் கூட்டி வைத்து, மகனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மகன் கொதிப்பான், அதை எல்லாரும் கேட்கட்டும் என்று நினைத்தார். அவர் அழுது முடிக்கும்வரை கிங்ஸ்டன் பொறுமையாக இருந்தான்.

"நல்லதாப் போச்சும்மா. என்கிட்ட மட்டும் யாரு கேட்டிய? ரீபாவுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிருங்க."

சட்டம் இருவரின் சம்மதம் என்று சொல்வது சும்மா இல்லை.

இப்போது எங்கள் சர்ச்சில் ஓலை எடுப்பதற்கு முன்னால் பையனையும் பெண்ணையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்கிறார்கள். வாய்திறந்து சொல்ல வேண்டும், தலையாட்டல் செல்லாது. போன வருடம் ஒரு பெண் முடியாது என்றாள். கோபுரம் இடிந்து விழவில்லை. ஓலை நாளில் மணப்பெண்கள் முன்பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள், அதுவும் பூ வைத்துக்கொண்டு.

நேசையா ரொம்ப நாள் வெளியே தலைகாட்டவில்லை. மகள் மானத்தை வாங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர், தெருவில் பெண்ணைப் பெற்றவர்கள் தன்னை நிறுத்தி, மகளிடம் எப்படிக் கேட்பது என்று யோசனை கேட்கத் தொடங்கிய பிறகுதான் நிமிர்ந்தார்.

போன மாதம் நாங்குநேரியிலிருந்து ஒரு தூரத்து உறவுக்காரர் வரன் கொண்டுவந்தார். பையனின் படிப்பு, சம்பளம், குடும்பம் எல்லாம் சொல்லிவிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்லட்டும் என்று கேட்டார். நேசையா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கா வே கல்யாணம்? அவ உள்ளதான் இருக்கா. போயி அவகிட்டக் கேளும்."