ஏழு புள்ளி ஐம்பத்தைந்து

நான் கை நீட்டுகிற ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைப் பற்றி நல்லதாக ஏதும் நினைத்து யாரும் ஏமாறக் கூடாது. வல்வெட்டித்துறைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன். பிரம்பு முறியாத மாதம் கிடையாது. எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போகாமல் படிக்கப் போன முதல் ஆள் நான். அதனால் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று வீட்டில் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

கடலுக்குப் போனவர் அண்ணை. ஒரு பைபர் வள்ளம், மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின், கூட ஒரு கூட்டாளி. சண்டைக் காலத்தில் எங்கள் கடலில் ஒரு கோடு இருந்தது. மேற்கே கரையில் இராணுவ முகாம், முகாமுக்கு முன்னால் கடற்படையின் கன்போட். கோட்டைத் தாண்டி மேற்கே போன வள்ளத்தோடு யாரும் கதைப்பதில்லை, வெடிதான். தண்ணீரில் கோடு கீறி வைக்க முடியாதே. எங்கள் ஆட்கள் கரையைப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் உயர்ந்து நின்ற தண்ணீர்த் தாங்கியும் ஒரே நேராக வந்தால் கோட்டில் நிற்கிறாய், வள்ளத்தைத் திருப்பு. அவ்வளவுதான். இந்தக் கணக்கில் ஒருவரும் பெயிலானதில்லை.

தொண்ணூற்று நாலில் ஒரு காலை விமானம் வந்து அந்தத் தாங்கிக்குக் குண்டு போட்டது. தாங்கியில் தண்ணீர் இருந்து வருடக்கணக்காகிவிட்டது. மின்சாரம் இல்லாத ஊரில் பம்ப் எப்படி ஓடும்? அதன் நிழலில் ஒரு அம்மா மரக்கறி விற்பார். நாங்கள் ஓடிப்போய்க் கொங்கிறீட்டைப் புரட்டினோம். முதலில் தராசு வந்தது. பிறகு அதைப் பிடித்திருந்த கை வந்தது. கைக்கு மேல் ஒன்றும் வரவில்லை. அந்தக் கையை உரப்பையில் சுற்றியது நான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்று அடிக்க ஆள் கிடைக்கவில்லை. அடுத்த நாள் வகுப்பில் பிள்ளைகள்தான் கிடைத்தார்கள்.

தாங்கி போனதோடு கோடும் போய்விட்டது. கோபுரத்தை மட்டும் வைத்து ஆளுக்கொரு கணக்குப் போட்டார்கள். ஒரு வள்ளம் போனது, திரும்பி வரவில்லை. இன்னொன்று அடியில் ஓட்டைகளோடு வந்தது. உள்ளே முழங்காலளவு தண்ணீர், தண்ணீரில் இரண்டு பேர் முகம் குப்புறக் கிடந்தார்கள். கோடு இங்கே, இல்லை அங்கே என்று கரையில் சண்டை பிடித்து, துடுப்பால் அடித்து ஒருவரின் தாடையை உடைத்தார்கள். கன்போட்டை அடிக்க முடியாதவர்கள் பக்கத்து வள்ளத்துக்காரனை அடித்தார்கள். அண்ணை மட்டும் கரையோடு ஒட்டிக்கொண்டு தொழில் செய்தார். கரையோரத்தில் மீனில்லை. வீட்டில் பிள்ளைகள் மரவள்ளிக் கிழங்கு தின்றார்கள்.

தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் சில மாதம் சண்டை நின்றது. அப்போது மீனவர் சங்கச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். கோடு இப்போது எண்ணாக வந்திருந்தது. கிழக்கு நெடுங்கோடு 80 பாகை, 7 கலை, 40 விகலை. அதற்கு மேற்கே போகக் கூடாது, போனால் பழையபடி வெடிதான். எல்லோரும் தாளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒரு பாகைக்கு அறுபது கலை, ஒரு கலைக்கு அறுபது விகலை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விளங்கப்படுத்தினேன். கடலில் நிற்கிறவன் அந்த எண்ணை எப்படிப் பார்ப்பது என்று அண்ணை கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

நோர்வேயில் இருந்த தம்பிக்குக் கடிதம் போட்டோம். பாதை திறந்திருந்ததால் அவனே வந்து இறங்கினான். அங்கே மீன்பிடிக்கிற ஆட்கள் பாவிப்பது என்று மூன்று சாமான் கொண்டுவந்தான். எதை வள்ளத்தில் ஏற்றுவது என்று தெரிவு செய்கிற பொறுப்பு என்னுடையது.

முதலாவது, நாலைந்து பிளொப்பி. கொம்பியூட்டரில் போட்டால் உலகத்துக் கடல் வரைபடம் எல்லாம் வரும் என்றான். ஊரில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. ஜெனரேட்டரை இழுத்து இழுத்து உயிர் கொடுத்துப் பார்த்தோம். யாழ்ப்பாணம் மஞ்சளாக ஒரு நகத்தளவு தெரிந்தது. அண்ணை அதை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, “இந்தப் பெட்டியை வள்ளத்திலை ஏத்தினா என்னை எங்கை ஏத்துறது?” என்றார். ஜெனரேட்டர் நின்றது, நாங்களும் வீட்டுக்கு வந்தோம்.

இரண்டாவது, சின்ன ரீவி போன்ற ஒரு வரைபடக் கருவி. கார் பற்றறியில் ஓடும். பார்க்க வடிவாக இருந்தது. வளைந்து வளைந்து கரை, தீவுகள், ஆழக் கணக்கு எல்லாம் திரையில் வந்தன, எல்லாம் நோர்வே. உள்ளே செருகியிருந்த அட்டை அந்த நாட்டுக் கடலுக்கானது. எங்கள் இடத்துக்குக் கொண்டுவந்தால் வெறும் சாம்பல் நிறம், கடலும் இல்லை, கரையும் இல்லை.

“உதிலை எங்கடை ஊரே இல்லையே” என்றார் அண்ணை.

“எங்கடை கடலுக்கு அட்டை விக்கிறாங்களோ எண்டு விசாரிக்க வேணும், சின்னண்ணை” என்று தம்பி என்னிடம் சொன்னான். இவ்வளவு தூரம் காவிக்கொண்டு வந்த பிறகு விசாரிக்கப் போகிறானாம்! என் கை போய்விட்டது. முப்பது வயதுக்காரனுக்கு அண்ணையின் பிள்ளைகளுக்கு முன்னால் கன்னத்தில் அறைந்தேன். அடுத்த நாள் காலையிலேயே பையை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டான். மூன்றாவது சாமானை எப்படிப் பாவிப்பது என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அதன் புத்தகம் நோர்வே மொழியில் இருந்தது.

அந்த மூன்றாவதைத்தான் நான் தெரிவு செய்தேன். கைக்குள் அடங்குகிற கருவி, வானத்தைப் பார்க்க வைத்தால் மேலே சுற்றுகிற செய்மதிகளை வைத்து நிற்கிற இடத்தைக் கண்டுபிடிக்கும். வரைபடம் கிடையாது, வெறும் எண்கள். பொலித்தீன் பைக்குள் போட்டுக் கழுத்தில் தொங்கவிடலாம்; நாலு பென்ரோச் பற்றறி போதும்; வெயிலிலும் எண் தெரியும். சங்கத் தாளில் இருப்பதும் எண், இதில் வருவதும் எண். இதைவிட வேறென்ன வேண்டும்? கடற்கரையில் வள்ளத்துக்குள் வைத்துப் பார்த்தபோது 80, 10.22 என்று காட்டியது. கொஞ்ச நேரத்தில் 10.24, பிறகு 10.21. மணலில் இழுத்து வைத்த வள்ளம் நடக்கிறது என்று பெடியன்கள் பகிடி பண்ணினார்கள். கொஞ்சம் ஆடும், பெரிதாகப் பிழைக்காது என்று நான் அதட்டினேன்.

அண்ணைக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். முதலில் பாகை, அடுத்தது கலை, புள்ளிக்குப் பிறகு விகலை. நாங்கள் நேரம் எழுதுகிற மாதிரி. பள்ளிக்கூட மணி 7.30க்கு அடிக்கும், அது ஏழு மணி முப்பது நிமிடம். அதே மாதிரி 7.55 என்றால் ஏழு கலை, ஐம்பத்தைந்து விகலை. மேற்கே போகப் போக எண் இறங்கும், ஏழு கலை நாற்பதுக்குக் கீழே வந்தால் திரும்புங்கள். இருபது வருடமாகக் கரும்பலகையில் 7.30 என்று எழுதியவனுக்கு அந்தப் புள்ளி தசமப் புள்ளியாக இருக்கலாம் என்று ஒரு கணமும் படவில்லை.

அண்ணை முதலில் கோட்டுக்குக் கிட்டப் போகவில்லை. நாலைந்து நாள் பக்கத்துக் கடலில் திரிந்து, கருவி காட்டியதை எல்லாம் ஒரு அப்பியாசக் கொப்பியில் எழுதினார். ஒரு பின்னேரம் கொப்பியோடு என்னிடம் வந்தார். நான் கரையில் நாலு பேருக்கு நடுவே நின்று கதைத்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி, விகலை அறுபதோடை முடியும் எண்டெல்லோ சொன்னனீ? இது தொண்ணூற்றொண்டு காட்டினது. இங்கை பார், எண்பத்தாறு. விகலை அறுபதுக்கு மேலை போகுமோ?”

சரியான கேள்வி. இதைவிடச் சரியான கேள்வியை என் வகுப்பில் ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கொப்பியைத் தட்டிவிட்டேன், அது ஈர மணலில் போய் விழுந்தது. “கண் தெரியாட்டிக் கண்ணாடி போடு! நாலாம் வகுப்போடை பள்ளிக்கூடத்தை விட்ட நீ எனக்குக் கணக்குப் படிப்பிக்க வாறியோ?”

அன்றுவரை அண்ணையை நான் நீங்கள் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். கோபத்தில் நீ என்று வாயில் வந்துவிட்டது. நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணை குனிந்து கொப்பியை எடுத்து, மணலைத் தட்டி, மடியில் செருகிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை, விடிந்து வெயிலும் ஏறிவிட்டது. நான் கரையில் நின்றேன். மேற்கே வெடிச் சத்தம் கேட்டது. முதலில் விட்டு விட்டு, பிறகு ஒரேயடியாக. பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அரை மணித்தியாலத்தில் அண்ணையின் வள்ளம் கோணலாக வந்தது. எஞ்சின் பிடியை அவர் வலது கையால் பிடித்திருந்தார். இடது கை முழங்கைக்குக் கீழே தோலில் தொங்கியது. கூட்டாளி வலைக்கு மேல் கிடந்தான். நெஞ்சில் என் முஷ்டி போகிற அளவு ஓட்டை. நெற்றியில் காலையில் பூசின திருநீறு அழியாமல் இருந்தது. வலைக்குள் மீன்கள் அவனுடைய இரத்தத்தில் துடித்தன. அவன் மனைவி தண்ணீருக்குள் இறங்கி வள்ளத்து விளிம்பைக் கையால் குத்தினாள். விரல்கள் உடைந்ததும் அவளுக்குத் தெரியவில்லை.

“கோட்டுக்கு இங்காலை நிண்டனாங்கள்” என்றார் அண்ணை. “ஐம்பத்தைஞ்சு காட்டினது. ஏழு, ஐம்பத்தைஞ்சு.”

“இங்காலை நிண்டவனைச் சுட்டுப்போட்டாங்கள்!” என்று கரை முழுக்கக் கத்தியது. நான்தான் எல்லோரையும்விடப் பெரிதாகக் கத்தினேன்.

அண்ணையை உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். அவர் தலை என் மடியில். கையைச் சுற்றிக் கட்டிய சாரத் துணி நனைந்து என் முழங்காலுக்கு ஊறியது. கருவி இன்னும் அவர் கழுத்தில் இருந்தது, நிறுத்தவில்லை. திறந்த பெட்டி, மேலே வானம். பெட்டி கிழக்கே ஓட ஓட எண்கள் ஏறின. 10.48. 10.53. நான் சும்மாதான் பார்த்தேன், வேறெங்கே பார்ப்பது? 10.58. 10.59. இனிக் கலை பதினொன்றாக வேண்டும்.

10.60. 10.61. 10.62.

பற்றறி பழுதோ என்று கருவியைத் தட்டினேன். 10.70. 10.85. கண்ணை மூடித் திறந்தேன். 10.99 வந்தது, அதற்குப் பிறகுதான் 11.00 வந்தது. புள்ளிக்குப் பின்னால் வந்தது விகலை அல்ல, ஒரு கலையில் நூறிலொரு பங்கு. 7.55 என்றால் ஏழு கலையும் முப்பத்துமூன்று விகலையும். நாற்பதுக்குக் கீழே. அவர்கள் கோட்டுக்கு உள்ளே இருநூறு மீற்றர் போய் நின்றிருக்கிறார்கள். அனுப்பியது நான். பெட்டித் தகரத்தில் தலையை மோதினேன். ஓட்டியவன் அழுகிறேன் என்று நினைத்து, “கிட்டியிட்டுது சேர், பயப்பிடாதேங்கோ” என்றான்.

மூன்றாம் நாள் சங்கத்து ஆட்கள் வெள்ளைத் தாளோடு வந்தார்கள். கோட்டுக்கு வெளியே நின்றவர்களைச் சுட்டது அநியாயம் என்று நான் மனு எழுதித்தர வேண்டுமாம். தாளை வாங்கிக்கொண்டு நேரே கூட்டாளியின் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவிக்குப் புள்ளியைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குக் கணக்கு விளங்கவில்லை, பிழை யாருடையது என்பது விளங்கியது. முற்றத்தில் கிடந்த ஈர்க்குமாற்றை எடுத்து, கட்டுப் போட்ட கையாலேயே என்னை அடித்தாள். முகத்தில், கழுத்தில், ஈர்க்கு முறியும்வரை. கை நீட்டுகிற நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இன்னும் அடிக்கமாட்டாளா என்றிருந்தது.

அங்கிருந்து வைத்தியசாலைக்குப் போனேன். அண்ணையின் கையை எடுத்துவிட்டார்கள். என் முகத்துக் கீறல்களைப் பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை.

“அண்ணை, நீங்கள் அண்டைக்குக் கேட்டது சரி. விகலை அறுபதுக்கு மேலை போகாது. பிழை என்ரை” என்றேன்.

“ஓம், எனக்கும் அப்பிடித்தான் பட்டது” என்றார். இல்லாத கையின் பக்கம் பார்த்தார். “கடலுக்குப் போக முந்தி இன்னொருக்கால் உன்னட்டைக் கேப்பம் எண்டு கொப்பியையும் எடுத்துக்கொண்டு உன்ரை வீட்டுப் படலை வரைக்கும் வந்தனான். உள்ளை நீ ஆரையோ ஏசிற சத்தம் கேட்டுது. உன்னட்டை வந்து கேக்கிறதிலும் பார்க்க, கன்போட்டுக்குக் கிட்டப் போறது லேசு எண்டு திரும்பியிட்டன்.”

அண்ணை நன்றாகப் பகிடி விடுகிற ஆள். இதை அவர் பகிடியாகச் சொல்லவில்லை.