தானியேல் அண்ணன் குடித்தது கீழ்காய்நெல்லிச் சாறு

தானியேல் அண்ணன் இன்று காலை போய்விட்டார். அவருடைய மகள் கனடாவிலிருந்து பேஸ்புக்கில் போட்ட அறிவித்தலைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும்...

அறுபதுகளின் கடைசியில் மட்டக்களப்பு டவுனில், வாவிக்கரையோரம் இருந்த ஒரு சின்ன அச்சகத்தில் நானும் அவரும் கம்பொசிட்டர்கள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரி வரியாகக் கோர்க்கிற வேலை. அவர் சீனியர், நான் புதுசு.

கை எந்நேரமும் கறுப்பு. அந்தக் கையோடேயே பணிஸ் சாப்பிட்டு, வெற்றிலையும் போடுவோம். என்ன பைத்தியக்காரத்தனம்!

கொஞ்சக் காலத்தில் என் கண் மஞ்சளித்தது. ஊரில் கண் மஞ்சளித்தால் செங்கமாரி என்கிற காமாலை, இல்லாவிட்டால் சாராயம். வேறு காரணம் இருக்கும் என்று யாரும் யோசிக்கமாட்டார்கள்.

"ஈயம் ஈரலைப் பிடிச்சிற்று கா. எனக்கும் பிடிச்சதுதான். இனிச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. நாளைக்கு வெறுவயித்தோட வா" என்றார் தானியேல் அண்ணன்.

அடுத்த நாள் கீழ்காய்நெல்லியை இடித்துப் பிழிந்து, மோரில் கலந்து கொண்டுவந்தார். அவருடைய மனைவி வயல்வட்டையில் வரம்பு வரம்பாகத் தேடிப் பிடுங்கியதாம்.

கொண்டுவந்தது சாராயப் போத்தலில்... லேபலும் கிழிக்கவில்லை. அதில் என்ன அதிசயம்? அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் தேங்காயெண்ணெய், தேன் எல்லாம் அந்தப் போத்தலில்தானே.

பச்சிலை மருந்தை ஒளித்துத்தான் குடிக்க வேண்டும், நாலு பேர் கண்ணில் பட்டால் பலிக்காது என்பது அவருடைய மனைவியின் கண்டிப்பு. ஆகவே அச்சகத்துக்குப் பின்னால், சுவரோரம் குந்திக்கொண்டு, ஆளுக்குப் பாதி.

அப்படிக் குந்தியிருந்தபோதுதான் எனக்குப் பேசியிருந்த பெண்ணின் தகப்பன் வந்தார். எங்கள் மெதடிஸ்த சபையில் மூப்பர். கலியாணக் காட் அடிக்க வந்த மனிதர், போத்தலையும் எங்கள் மஞ்சள் கண்களையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"மாமா, இது கீழ்காய்நெல்லி... மணந்து பாருங்க" என்று போத்தலை நீட்டினேன். அவர் இரண்டு அடி பின்னால் போனார். மதுவிலக்குக்காரர், அந்தப் போத்தலைத் தொடுவாரா?

நான் விடவில்லை. அவர் வீட்டுக்கும் போனேன், போதகரிடமும் சொன்னேன். நான் உண்மையைச் சொல்லச் சொல்ல மாமாவுக்கு என்மேல் மதிப்புக் கூடியது!

"கெடுத்தவனைக் கூடக் காட்டிக்குடுக்கான் இல்ல. நல்ல பொடியன்" என்று சொல்லித்தான் பெண்ணைக் கட்டித் தந்தார்.

தானியேல் அண்ணனை மட்டும் அதற்குப் பிறகு கோயிலில் வேதபாடம் வாசிக்க யாரும் கூப்பிடவில்லை. நல்ல கணீர் குரல்... என் கலியாணப் பந்தியில் அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகக் கிடந்தது. மாப்பிள்ளையாக எழுந்து போய் அவர் பக்கத்தில் இருக்கவும் முடியாமல் வெட்கத்தோடு இருந்தேன்.

"விடு கா" என்றார் பிறகு. "நான் குடிக்கல்ல எண்டு என்ர பொஞ்சாதிக்குத் தெரியும். உனக்குத்தான் பொஞ்சாதி கிடைக்காமப் போகப் பாத்திச்சு."

என் கண் வெளுத்தது. சாற்றாலா, சோப்பாலா... தெரியாது. அவருக்கு மஞ்சள் முழுதாகப் போகவேயில்லை. ஊருக்கு அதுவே சாட்சி.

இன்று அந்த அறிவித்தலுக்குக் கீழே யாரோ எழுதியிருக்கிறார்: "குடிச்சாலும் தங்கமான மனுசன்." அதற்கு நிறைய லைக்.

ஒவ்வொரு எழுத்தாகத் தேடி டைப் பண்ணினேன்: "அவர் ஒரு நாளும் குடித்ததில்லை. அது பச்சிலை மருந்து. நானும் சேர்ந்து குடித்தேன்."

உடனே பதில் வந்தது. "செத்த பிறகும் கூட்டாளிய விட்டுக்குடுக்காம கதைக்கிறீங்களே ஐயா... உங்களுக்குப் பெரிய மனசு."

அதற்கும் லைக்.

போயிற்று வாங்க, அண்ணன்... முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.